ஈய வெள்ளை

சட்பரி ஆஸ்பத்திரிக்கு இரவு பத்தரைக்கு
ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள் இராயப்பரை.
வெளியே மைனஸ் இருபத்தாறு.
வர்ணம் வெடித்துவிடுமென்று மூன்று கம்பளி போர்த்தியிருந்தார்கள்.

மூடிவிட்ட கன்னியர் மடத்தின் பரணில் கிடந்தவராம்.
நேப்பிள்ஸா, செவில்லியா,
எவர் கை, எந்த ஆண்டு,
ஒன்றும் நிச்சயமில்லை.
அருங்காட்சியகத்தில் எக்ஸ்ரே மெஷின் இல்லை.
எங்களிடம் இருந்தது. கூடவே
வேலை முடிந்தும் வீடு போக மனமில்லாத நானும்.

கணினி பெயர் கேட்டது. இராயப்பர் என்று அடித்தேன்.
பிறந்த திகதி கேட்டது.
ஆயிரத்து அறுநூறுகளை அது ஒத்துக்கொள்ளவில்லை.
ஆயிரத்துத் தொள்ளாயிரம், தை ஒன்று.
அதற்கு மேல் அவரைக் கிழவராக்க என்னால் முடியவில்லை.

ஒடெத் கம்பளியை விலக்கினாள்.
முதலில் இருட்டு.
பிறகு இடப்பக்க மூலையிலிருந்து
யாரோ கதவைக் கொஞ்சம் நீக்கினாற்போல் வெளிச்சம்.
அதில் ஒரு வழுக்கைத் தலை, கோத்த கைகள்,
நகக்கண்ணில் அழுக்கு. மீன்காரன் கைதான்.
கண்கள் சிவந்து, மேலே பார்த்து, அழுது தீராமல்.
அந்தக் காலத்தில் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் பக்கத்தில்
இப்படி ஒரு படத்தைத் தொங்கவிடுவார்களாம்,
முழந்தாளிடுகிறவனுக்கு
முன்னமே அழுதவர் ஒருவர் துணையிருக்க.

முப்பது கிலோவோல்ட்.
எலும்பில்லாத உடம்புக்கு அது போதும்.
ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் போய் நின்று
பழக்கத்தில் சொன்னேன்:
மூச்சை இழுத்துப் பிடியுங்கோ.
ஒடெத் திரும்பிப் பார்த்தாள்.
பதினோரு வருஷம் இந்த அறையில்
அதை நான் தமிழில் சொன்னதில்லை.

இன்றைக்குப் பகலிலும் சொல்லவில்லை.

பகல் வந்தவனுக்கு விலா எலும்பு.
நிக்கல் சுரங்கத்துச் சமையலறையில் வழுக்கி விழுந்தவன்.
படிவத்தில் நிமலரூபன் செபரட்ணம்.
தாதி அதை நாலாய் உடைத்து வாசித்துவிட்டு
உன்னுடைய ஆளா என்றாள்.
இல்லை என்றேன்.
அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.
மூச்சைப் பிடிக்கச் சொன்னேன், ஆங்கிலத்தில்.
விளங்காமல் மூச்சு விட்டான்.
படம் கலங்கிப்போய்த் திரும்ப எடுத்தேன்.

ஏன் இல்லை என்றேன்? களைப்பு எனலாம்.
ஓம் என்றால் பிறகு வீடு, வேலை, லோயர், கடிதம் என்று
வந்துகொண்டே இருப்பான் எனலாம்.
முற்றத்தில் குளிர் காய்ந்துகொண்டிருந்த இவருக்கும்
ஏதாவது காரணம் இருந்திருக்கும்.
இவரையும் காட்டிக்கொடுத்தது பேச்சுத்தான்,
கலிலேயாக் கொச்சை.

திரையில் விழுந்தது படம்.
தோல் போயிற்று. அங்கி போயிற்று. இருட்டும் போயிற்று.
ஈய வெள்ளை பூசிய இடம் மட்டும்
எலும்புபோல நின்றது:
நெற்றி, விரல் முட்டிகள், சட்டத்து ஆணிகளோடு
கன்னத்தில் இரண்டு துளி, குறுநொய் அளவு.
இரண்டே துளிதான், ஆனால் தடிப்பாக வைத்திருந்தான்.
தோளுக்கு மேலே,
வெறும் கறுப்பென்று நாங்கள் நினைத்த இடத்தில்
ஒரு சேவல்.
கழுத்தை நீட்டி, அலகைத் திறந்தபடி.

வரைந்துவிட்டு மூடியிருக்கிறான்.
ஒடெத் கைதட்டினாள்,
யாருக்கோ போன் எடுத்துப் பிரெஞ்சில் கத்தினாள்.
வாங்கியவர் வேண்டாமென்றிருக்கலாம்,
இடம் நெருங்கியிருக்கலாம் என்றாள்.
இருக்கலாம்.
கூவியது கேட்டாயிற்று, இனி எதற்கென்று
தூரிகையைக் கறுப்பில் தோய்த்திருக்கவும் கூடும்.

அவர்கள் போன பிறகு
பகல் கோப்பைத் திறந்தேன்.
கழித்த படம், ஒன்று.
காரணம்: நோயாளி அசைந்தார்.
நான் அடித்ததுதான்.
கலங்கிய விலாக்களுக்கு நடுவே
புகைபோல அவன் மூச்சு.

மாற்றவா என்று கேட்டது. ஓம்.
காரணங்களின் பட்டியல் இறங்கியது.
மேலிருந்து கீழ்வரை வாசித்தேன், பிறகு
‘வேறு’ என்பதை அழுத்தினேன்.
எழுதச் சொல்லி ஒரு வெற்றுப் பெட்டி திறந்தது.
அதற்குள் கர்சர்
மினுங்கிக்கொண்டிருந்தது.